இன்னும் இரண்டு கொதி

அக்கா,

மைதா பசை அடுப்பில் இருக்கிறது. மயில்துத்தம் பொடித்துப் போட்டு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தச் செம்புக்குட வாடை சமையலறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நிற்கிற சுவர் வரைக்கும் போய்விட்டது. பசையைப் பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள் நீ. நான் போடுகிற ஒவ்வொரு தடவையும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஜாஸ்தி போட்டுட்டியாடி?" என்று குரல் வரும். மூக்காலேயே அளக்கிறவள் நீ. இன்றைக்கும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குரலுக்காகக் காத்திருந்தேன். பிறகுதான் புத்தி வந்தது.

கூடத்துத் தரையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருக்கிறேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு. உன் கொழுந்தனார், என் வீட்டுக்காரர், சர்க்கரைக்குத் தின்று தீர்த்த மாத்திரைகளின் காலி அட்டைகள். உடைந்த கண்ணாடி வளையல்கள். நம் பெண் தேனுவின் சின்ன வயசுப் பட்டுப்பாவாடையிலிருந்து பிரித்தெடுத்த சரிகைக் கரை. இவற்றோடு சேர்க்காமல் சுவரோரமாக ஒரு பத்திரிகையைத் தனியாக வைத்திருக்கிறேன். அதில் மஞ்சள் இல்லை. எழுத்தெல்லாம் கறுப்பு. அது உன்னுடைய கருமாதிப் பத்திரிகை.

மாசியில் அடித்து வந்தது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்தோம். எல்லோரும் வாசலில் நின்றபடியே வாங்கிப் படித்து, அங்கேயே கிழித்துப் போட்டிருப்பார்கள். அதுதான் நம் பக்கத்து வழக்கம். கருமாதிப் பத்திரிகை வீட்டுக்குள் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. நான் மட்டும் ஒன்றைக் கிழிக்காமல் கேழ்வரகு டப்பாவுக்குப் பின்னால் ஆறு மாதமாக ஒளித்து வைத்திருக்கிறேன். உன் கொழுந்தனாருக்குக்கூடத் தெரியாது. யாருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் உனக்கு இது புரியும். இந்தத் திருட்டை எனக்கு முன்னால் செய்தவள் நீதானே.

தேனு சின்னசேலத்தில் வீடு கட்டி முடித்துவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். வருகிற வாரம் குடிபோகிறார்கள். நமக்கு வருஷம் திரும்புகிற வரைக்கும் நல்லது கெட்டது கிடையாது, ஆனால் அவள் வேறு வீட்டுக்குப் போன பெண், அவளுக்குத் தடையில்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். போன வாரம் போன் செய்தாள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் தோரணம் வேண்டாமாம், பெரியம்மா கட்டுகிற மாதிரி நான் கட்டித் தர வேண்டுமாம். துக்க வீட்டுக்காரி கட்டுவதா என்று கேட்டேன். "பெரியம்மா மட்டும் யாரு? அவளும் துக்கக்காரிதானே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். வாய் என் வாய். அதில் சந்தேகமே இல்லை.

நான் மணலூர்பேட்டையிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இந்தச் சுவர் கிடையாது. ஒரே கூடம், ஒரே அடுப்பு. தாலி ஏறி மூன்றாவது நாள் நீ கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து என் கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாய். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஓரகத்தி என்றாலே முள் என்று சொல்லித்தான் என்னை அனுப்பி வைத்திருந்தார்கள். வந்த மூன்றாம் நாளே என் பெயரை வெட்டுகிறாளே என்று நினைத்தேன். நீ தலையைத் தூக்கிப் பார்த்து, மீந்துபோன பத்திரிகைகளை வேறு என்ன செய்வாய் என்று கேட்டாய். அப்போது நீ சொன்னதை இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் நான் சொல்லிவிட்டேன்.

"மஞ்ச வெச்ச பத்திரிகையக் குப்பையில போடக் கூடாதுன்னுவாங்க. கருமாதிப் பத்திரிகைய வூட்டுல வெக்கக் கூடாதுன்னுவாங்க. ரெண்டும் ஒரே பிரஸ்ல அடிச்ச காயிதம்தான்."

அப்படித்தான் நீ ஆரம்பித்தாய். தெருவில் ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் போட மனசு வராமல், வைக்க இடமில்லாமல் கிடக்கிற கல்யாணப் பத்திரிகைகளையெல்லாம் கேட்டு வாங்கி வந்தாய். இரண்டு பத்திரிகையை எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி ஒட்டி, மாவிலை மாதிரி வெட்டுவாய். வெளியே சிவப்பும் பொன்னுமாக வழவழப்பு மட்டும்தான் தெரியும். மாத்திரை அட்டையைக் கத்தரித்து நரம்பு வைப்பாய். வளையல் துண்டுகளைக் காம்பாகக் கோப்பாய். பதினொரு இலை சேர்ந்தால் ஒரு தோரணம். எத்தனையோ ஜோடிகளின் பெயர்கள் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்க, வெளியில் ஒரு எழுத்தும் தெரியாது.

பசை காய்ச்சுவதை மட்டும் நீ லேசில் யாரிடமும் விடமாட்டாய். மாவு கண்ணாடி மாதிரி ஆனதும் எல்லோரும் இறக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் இன்னும் இரண்டு கொதி விட வேண்டும் என்பாய். அந்த இரண்டு கொதியில்தான் பிடிமானம் இருக்கிறது என்பாய். பொறுமை என்கிற பொருளே என் பிறந்த வீட்டில் கிடையாது. எத்தனையோ தடவை என்னிடமிருந்து கரண்டியைப் பிடுங்கியிருக்கிறாய்.

உன் புருஷன், என் மூத்தார், உனக்கேற்ற ஆள். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் இல்லாத நேரத்தில் அவருடைய ஜீப்தான் மலைக்காரர்களுக்கு வழி. "வாங்க வாங்க, வெள்ளிமலை வெள்ளிமலை" என்று அவர் கூப்பிடுகிற குரல் கடைத்தெருவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். மலையிலிருந்து திரும்பும்போது உனக்கு எதையாவது கொண்டு வராமல் இருக்கமாட்டார். மற்ற புருஷன்மார்கள் பூ வாங்கி வருவார்கள். அவர் காய்ந்த கடுக்காய் ஒரு பிடி, வெடித்த மூங்கில் துண்டு, கழற்றிப் போட்ட ஜீப் விளக்கின் கண்ணாடி என்று கொண்டு வந்து உன் மடியில் கொட்டுவார். அந்த விளக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஜிகினாத் தாளை ஒட்டிச் சுவரில் மாட்டினாய். பொழுது சாயும்போது வெளிச்சம் அதில் பட்டுக் கூடமே சிவக்கும்.

ஒரு தடவை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனார். அருவிக்குப் போகிற வழியில் எல்லோரும் முன்னால் நடக்க, நீ மட்டும் பின்தங்கிவிட்டாய். திரும்பிப் பார்த்தால் தோளில் ஒரு கோணிப்பை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் குடித்துவிட்டு எறிந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வருகிறாய். எனக்கு மானம் போனது. மூத்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மலைக்கு வந்தா தேன் வாங்கினு போவாங்க, சாமை வாங்கினு போவாங்க. எம் பொண்டாட்டி குப்பை வாங்கினு போறா" என்றார். நீயும் சிரித்தாய். அந்த நேரம் பார்த்து தேனு அவள் அப்பாவின் போனைப் பிடுங்கி ஒரு படம் எடுத்தாள். அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பாட்டில்கள் அடியை வெட்டி, ஓரத்தை மெழுகுவத்தியில் வாட்டி, செம்பருத்தி செம்பருத்தியாக மாறின. தேனு அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். உனக்குப் பிள்ளை இல்லை. தேனு எனக்குப் பிறந்தாள், உன்னிடம் வளர்ந்தாள். பாட்டில் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் கல்யாணப் பெண் மாதிரி நடந்து காட்டினாள். மூத்தார் எழுந்து வாசல்படிக்குப் போய்க் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு நான்தான் வாசல்ல நிப்பேன். ஒருத்தர் பாக்கியில்லாம வாங்க வாங்கன்னு கூப்புட வேணாமா? உங்கப்பனுக்கு அந்தக் குரலு ஏது?"

அதற்கு அடுத்த வருஷமே அவர் போய்விட்டார். ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கியவர், மார்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார் என்றார்கள். கருமாதி முடிந்ததும் வீட்டில் மீந்திருந்த பத்திரிகைகளையெல்லாம் நான்தான் அள்ளிக்கொண்டு போய்க் கிழித்துப் போட்டேன். ஒன்று குறைந்தது எனக்குத் தெரியாது. யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

நீ ஒரு வருஷம் கத்தரியைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் தெருக்கோடி வீட்டில் பெயர் சூட்டு விழா என்று வந்து கேட்டார்கள். நீ கட்டிக் கொடுத்தாய். ஊர் விசித்திரமானது அக்கா. உன் கை கட்டிய தோரணம் எல்லோருக்கும் வேண்டும், ஆனால் அதை வாசலில் மாட்ட நீ வரக் கூடாது. நீ முடிந்து கொடுப்பாய், நான் போய் மாட்டிவிட்டு வருவேன். திரும்பி வந்ததும், நடு இலை நேராக நிற்கிறதா என்று மட்டும் கேட்பாய். நானும் அதை ஒரு முறையாகவே எடுத்துக்கொண்டேன். உன்னைக் கூப்பிடுங்கள் என்று ஒரு வீட்டிலாவது சொல்லியிருக்கலாம். மற்ற எல்லாவற்றுக்கும் நீண்ட என் வாய் அதற்கு மட்டும் நீளவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். வராமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

தேனுவின் கல்யாணத்துக்கு நீ ஒரு மாதம் உட்கார்ந்து தோரணம் செய்தாய். பதினொன்று போதாது என்று இருபத்தொரு இலை. நடு இலையை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. கடைசியாக ஒட்டிக் கோக்க வேண்டிய அன்றைக்குப் பசை தீர்ந்துவிட்டது. நீ எழப் போனாய். நான் காய்ச்சித் தருகிறேன் என்று போனேன். பாதியில் பலகாரக்காரர் வந்தார், பந்தல்காரர் வந்தார், அவசரத்தில் இறக்கிக் கொண்டுவந்து வைத்தேன். நீ விரலால் தொட்டுப் பார்த்தாய்.

"தண்ணியா இருக்குதுடி. இன்னும் ரெண்டு கொதி வுடணும்."

"போதும்க்கா, ஒட்டும். எனக்கு நூறு வேலை இருக்குது."

இவ்வளவுதான் பேசினோம். நீ அதையே எடுத்து ஒட்டினாய். பந்தக்கால் நட்டதும் அந்தத் தோரணத்தை நான்தான் மாட்டினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பெண் அழைக்க வந்தார்கள். மேளம் வாசலில் நிற்கிறது. மாப்பிள்ளையின் அத்தை, தட்டோடு படியேறியவர், தலைக்கு மேலே பார்த்து, எவ்வளவு அழகாக இருக்கிறது, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் கையை நீட்டி நடு இலையைத் தொட்டார். பந்தல் விசிறிக் காற்றிலோ என்னவோ அது ஓரத்தில் வாய் பிளந்திருந்தது. அவர் தொட்டதும் முழுசாகப் பிரிந்துகொண்டது. உள்ளே கறுப்பு எழுத்து. மூத்தாரின் முகம்.

"இன்னாங்க இது, கருமாதின்னு போட்டிருக்குது" என்றார் அந்த அம்மாள். மெதுவாகத்தான் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னதும், பின்னால் நின்ற அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும்தான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமே நின்றுவிடுமோ என்று பயந்தேன். எக்கிப் பிடித்து இழுத்தேன். ஆணியோடு வந்தது. நீ கூடத்து உள்கதவுக்குப் பின்னால், யார் எதிரிலும் வராமல், கதவிடுக்கில் தேனுவைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாய். அங்கே வந்து அதை உன் முன்னால் நீட்டினேன்.

நான் சொன்னதை நான் மறுபடி எழுதத்தான் வேண்டும். "உன் தலையெழுத்தக் கொண்டாந்து எம் பொண்ணு வாசல்ல ஒட்டுனியா?"

நீ தோரணத்தை என் கையிலிருந்து வாங்கினாய். பிரிந்த இலையை இரண்டு விரலால் அழுத்தி மூடினாய். மூடிய விரலை எடுக்காமலே உன் அறைக்குப் போனாய்.

மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையானவர்கள். வீட்டு மூத்தவர்தானே, ஆசீர்வாதம் என்று நினைத்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லிவிட்டார். மேளம் மறுபடி முழங்கியது. தேனு காரில் ஏறினாள். நம் ஜனங்களை ஏற்ற வேன் வந்து நின்றது. வேன் வாசலில் கால் மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கும். எல்லோரும் ஏறிவிட்டார்கள். உன் அறைக் கதவு சாத்தியிருந்தது. இத்தனைக்கும் நீ அன்று காலையிலேயே புதுப் புடவையைக் கொடியில் எடுத்துப் போட்டிருந்ததைப் பார்த்திருந்தேன். பத்தடி நடந்து வந்து கதவைத் தட்டி, வாக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ வந்திருப்பாய். கூப்பிடாமல் யாராவது வருவார்களா? அதுவும் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகு? நான் வேனில் உட்கார்ந்து, போகலாம் என்றேன்.

மண்டபத்தில் தேனு நாலைந்து தடவை கேட்டாள். வருவாள் என்று சொன்னேன். தாலி கட்டுகிற நேரத்தில்கூட அவள் கண் வாசலில்தான் இருந்தது.

அதற்கப்புறம்தான் இந்தச் சுவர் வந்தது. சண்டை என்று யாரும் சொல்லவில்லை. வீடு பழசாகிவிட்டது, இரண்டாகத் தடுத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு. சுவரைவிட எனக்குப் பெரிசாகத் தெரிந்தது வேறு ஒன்று. நான் வந்த புதிதில் உன்னை 'வாங்க, போங்க' என்றேன். ஒரு வருஷத்தில் அது உதிர்ந்து 'வாக்கா, போக்கா' ஆகிவிட்டது. நீ என்னை முதல் நாளிலிருந்தே 'டீ' போட்டாய். கல்யாணத்துக்கு மறுநாள் குழாயடியில் பார்த்தபோது, "தண்ணி புடிச்சிட்டீங்களா? நான் குடத்த வெக்கலாமா?" என்று கேட்டாய். திட்டியிருக்கலாம் நீ. அந்த 'ங்க'வைத் தாங்கிக்கொண்டு நான் இரண்டு வருஷம் இருந்தேன். பதிலுக்கு நானும் 'ங்க' போட்டேன், பெரிய மானஸ்தி மாதிரி.

தேனு பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து பதினாறாம் நாள் தொட்டிலில் போடுகிறோம். நான் யாரையெல்லாமோ கூப்பிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் போகக் காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தேன், போகவில்லை. பத்து மணி வாக்கில் நீ வாசலில் வந்து நின்றாய். கையில் தொட்டிலுக்கு மேலே தொங்கவிடுகிற கிளிக்கொத்து. பத்திரிகையில் செய்த ஏழு கிளி. படியில் கால் வைக்காமல், கீழேயே நின்றாய்.

"ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பாத்துட்டுதாங்க ஒட்டுனேன். எல்லாம் மஞ்ச வெச்ச பத்திரிகைதான். வேணும்னா நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க."

என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை அக்கா. நீ அடிக்கவும் இல்லை. நிஜமாகவே நான் பார்க்க வேண்டும் என்றுதான் கிளிகளை நீட்டிக்கொண்டு நின்றாய். வாசலை விட்டு நகர்ந்து நின்றேன், அவ்வளவுதான் முடிந்தது. உள்ளேயிருந்து தேனுதான் கூப்பிட்டாள், பெரியம்மா வா என்று. நீ அவள் குரலுக்குத்தான் படியேறினாய்.

கிளிகளைத் தொட்டிலில் கட்டும்போது தேனு உன்னிடம் நேராகவே கேட்டுவிட்டாள், அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாய் என்று. நான் சமையலறைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீ முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாய்.

"அவரு வாசல்ல நிக்கறேன்னு சொன்னாரில்ல? ஆளுதான் இல்ல, பேரும் மூஞ்சியும் இருந்துது. மறைச்சுதான் வெச்சேன், யாருக்குத் தெரியப் போவுதுன்னு. பசை ஒரு கொதி கம்மியா போச்சு, அதான்."

யார் காய்ச்சிய பசை என்று நீ சொல்லவில்லை. தேனுவுக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அன்றைக்குத் தோரணத்தை நான் நீட்டியபோதே நீ சொல்லியிருக்கலாம், பசை உன்னுடையதுதானே என்று. அந்த ஒரு வார்த்தை போதும், என் வாய் மூடியிருக்கும். இரண்டு வருஷம் அதைச் சொல்லாமல் வைத்திருந்தாய், அன்றைக்கும் 'கம்மியா போச்சு' என்று பசை தானாகவே கெட்டுப்போனது மாதிரி சொன்னாய். கிளம்பும்போது கதவோரத்தில் என்னைத் தாண்டிப் போனவள், மூக்கை உறிஞ்சி, "இன்னாடி, பாயசம் அடி புடிக்குது" என்றாய். 'டீ' திரும்ப வந்துவிட்டது. நான் அடுப்பைப் பார்க்க ஓடினேன். நன்றாக அழுவதற்கு அந்தப் பாயசம் ஒரு சாக்காயிற்று.

பழையபடி ஆகிவிட்டோம் என்று பொய் எழுத மாட்டேன். ஒட்டிய இடம் ஒட்டிய இடம்தான், தடவிப் பார்த்தால் தெரியும். மன்னித்துவிடு என்று சொல்ல நான் பல தடவை ஆரம்பித்தேன். ஆரம்பிக்கிறேன் என்று தெரிந்தாலே கத்தரியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாய். நீயாகவே வந்தாய், நீயாகவே போனாய். நான் கூப்பிட வேண்டிய அவசியமே வராதபடி பார்த்துக்கொண்டாய். கூப்பிடாமல் விட்டவள் ஒருத்தி, கூப்பிடாமலே வந்து அதைச் சரிக்கட்டியவள் ஒருத்தி.

மாசியில் நீ படுத்தாய். பதினொரு நாள். அதில் பாதி நாள் நினைவில்லை. நினைவு இருந்த ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்து, பசை காய்ந்து ஒட்டியிருக்கிறது, கழுவு என்றாய். பசை இல்லை, சோற்றுப் பருக்கை. நான் கழுவிக்கொண்டு வந்தேன்.

கருமாதிப் பத்திரிகைக்குப் படம் வேண்டும் என்று பிரஸ்காரர் கேட்டார். தேனுவின் கல்யாண ஆல்பத்தில் இருக்கும் என்று உன் கொழுந்தனார் எடுத்துக்கொண்டு வந்தார். நானும் தேனுவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நலங்கு, மாலை மாற்றுவது, தாலி, பந்தி. நம் சொந்தத்தில் நண்டு சிண்டு எல்லாம் இருக்கிறது. யாரென்றே தெரியாத ஒருவர்கூட நாலு படத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். உன் கொழுந்தனார் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். மூத்தார் அந்த ஆல்பத்தில் இல்லாதது விதி. நீ இல்லாதது நான்.

கடைசியில், அப்பா போனிலிருந்து தேனு தன் போனுக்கு மாற்றி வைத்திருந்த அந்த வெள்ளிமலைப் படம் கிடைத்தது. தோளில் கோணிப்பையோடு சிரிக்கிறாயே, அது. பிரஸ்காரர் கோணிப்பையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போட்டார். கருமாதிப் பத்திரிகையில் இப்படியா சிரிப்பது என்று சிலர் கேட்டார்கள். மலையில் குப்பை கிடைத்த சந்தோஷம் அது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

உன் அலமாரியை ஒழித்தபோது அடித்தட்டில், பழைய வேட்டியில் சுற்றி, அந்த இருபத்தொரு இலைத் தோரணம் இருந்தது. நான் பிடுங்கிய ஆணிகூட அதிலேயே இருந்தது. நடு இலையைத் தடவிப் பார்த்தேன். புதிதாக ஒட்டியிருந்தாய். நகத்தை விட்டுப் பார்த்தேன், இம்மியும் அசையவில்லை. நீயே காய்ச்சிய பசை.

இன்றைக்குக் காலையில் தேனுவுக்குப் போன் செய்து, டப்பாவுக்குப் பின்னால் ஒளித்ததைச் சொன்னேன். என்ன செய்யலாம் என்று நினைக்கிறேன் என்பதையும் சொன்னேன். அவளுடைய வீடு, அவளுடைய மாமியார், அந்த அத்தையும் வருவார். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"பெரியப்பா இலை பத்திரமா இருக்குதில்ல? அதுகூடவே வையிம்மா. ரெண்டு பேரும் வாசல்ல நிக்கட்டும்."

அப்படியேதான் செய்யப் போகிறேன். அவருடைய இலையைப் பிரிக்க மாட்டேன், பிரிக்கவும் முடியாது. அதன் முதுகில் உன் பத்திரிகையை வைத்து, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றால் மூடி, ஓரத்துக்குச் சரிகை தைக்கப் போகிறேன். மேல் பத்திரிகை யாருடையது தெரியுமா? தேனுவுடையது. அவளுடைய கல்யாணத்துக்கு நான் உனக்கென்று எடுத்து வைத்து, பக்கத்து அறைதானே, மெதுவாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று கொடுக்காமலே விட்ட பத்திரிகை. மூத்தவர்களுக்கு வைக்க வேண்டிய மஞ்சளை இன்றைக்குத்தான் குழைத்து வைத்தேன். அந்த அத்தை நடு இலையைத் தொட்டுப் பார்த்து என்ன இது என்று கேட்டால், நான் மறைக்கப் போவதில்லை. இவர் எங்கள் மூத்தார், இவள் எங்கள் அக்கா என்று சொல்வேன்.

இந்தத் தடவை மாட்டிவிட்டு வந்து, நடு இலை நேராக நிற்கிறது என்று சொல்ல நீ இல்லை. நீயே பார்த்துக்கொள். ஆனால் புது வீட்டு வாசலில் ஆணி அடிக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆறு வருஷமாக வாயிலேயே கிடக்கிற வார்த்தை. அங்கே மேளமும் ஜனமுமாக இருக்கும், என் வாய் மறுபடி நீளாமல் போனாலும் போகும். அதனால் இங்கேயே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடி மாதிரி ஆகி வெகுநேரமாகிவிட்டது அக்கா. ஒரு கொதி வந்துவிட்டது. நான் இறக்கவில்லை. இதோ, இரண்டாவதும் வந்துவிட்டது.

வாக்கா.